தரவரிசையில் 538ஆம் இடத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மகளிர் டென்னிஸின் விதிகளையும் பரிசுத் தொகைகளையும் ஆண்டு அட்டவணையையும் தீர்மானிக்கும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

கடைசித் தட்டில் நடக்கும் போட்டிகளின் மொத்தப் பரிசு 2017ஆம் ஆண்டுக்குப் பிறகு ஒரு டாலர்கூட உயராமல் இருப்பது ஏன் என்று கேட்டு அண்மையில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, நிர்வாகப் பொறுப்பில் உள்ள ஒருவரிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் போட்டிகள் பிழைப்புக்காக ஏற்பட்டவை அல்ல, மேலே செல்வதற்கான பாதை மட்டுமே என்றும், அந்தப் பாதையிலேயே ஒருவர் நெடுநாள் நின்றுகொண்டிருந்தால் அதைப் பற்றி அவர்தான் யோசித்துப் பார்க்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தப் பாதையில் நான் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். யோசித்தும் பார்த்துவிட்டேன். தனிப்பட எழுதினால் மறுபடியும் இரண்டு வரிதான் வரும் என்று தோன்றியதால், எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

இன்றைய தேதியில் ஒற்றையர் தரவரிசையில் என் இடம் 538. மூன்று ஆண்டுகளுக்கு முன் 329 வரை ஏறினேன். அதுவே நான் தொட்ட உச்சம். என் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை, எந்த விளையாட்டிலும் பெயர் தெரிந்தவர்கள் சிலராகத்தான் இருக்க முடியும். ஆனால் டென்னிஸ் ஆடும் கோடிக்கணக்கான பெண்களில் எனக்கு மேலே இருப்பவர்கள் 537 பேர்தான் என்பதையும், அப்படி இருந்தும் அடுத்த வார விமானச் சீட்டுக்கு நான் அண்ணனிடம் கடன் கேட்கிறேன் என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான் என்றாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஏணியின் படிகளைச் சொல்லிவிடுகிறேன். கடைசிப் படி டபிள்யூ 15. அதற்கு மேல் டபிள்யூ 35, 50, 75, 100 என்று, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃபின் சுற்றுப் போட்டிகள். அவற்றுக்கு மேல் மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவின் 125, 250, 500, 1000 நிலைப் போட்டிகள். உச்சியில் நான்கு கிராண்ட்ஸ்லாம். முன்பெல்லாம் கீழ்ப்படிகளின் பெயரில் இருந்த எண் பரிசுத் தொகையைக் குறித்தது. 2024இல் பெயர்கள் மாறியபோது, அந்த எண் சாம்பியனுக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளியைக் குறிப்பதாயிற்று. அதனால் அந்த ஆண்டு டபிள்யூ 35 என்று பலகை மாட்டிய போட்டியில் பகிர்ந்தளிக்கப்பட்ட மொத்தப் பரிசு 25,000 டாலர், அடுத்த ஆண்டுதான் அது 30,000 ஆயிற்று. டபிள்யூ 75இல் 60,000. பெயரை உயர்த்துவதற்குச் செலவு ஒன்றும் இல்லை அல்லவா? டபிள்யூ 15இன் கதை இன்னும் எளியது. பல ஆண்டுகள் 10,000 டாலராகவே கிடந்த தொகை 2017இல் 15,000 ஆனது. 2025இலும் அது அதே 15,000தான். இந்த எட்டு ஆண்டுகளில் விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் ராக்கெட்டுக்குப் போடும் ஸ்டிரிங் இழைச் சுருளின் விலையும் அசையாமல் நின்றிருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அந்தப் பதினைந்தாயிரமும் ஒருவர் கைக்குப் போவதில்லை. ஒற்றையரில் 32 பேரும் இரட்டையர் இணைகளும் பங்கிட்டுக்கொள்ளும் தொகை அது. வாரம் முழுக்க ஐந்து ஆட்டங்களை ஜெயித்துக் கோப்பையைத் தூக்குபவருக்கு 2,000 டாலருக்குச் சற்று மேல் கிடைக்கும். முதல் சுற்றில் தோற்பவருக்குச் சுமார் 150 டாலர். அதிலும் போட்டி நடக்கும் நாட்டின் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். புள்ளி கிடையாது. முதல் சுற்றை ஜெயித்து இரண்டாவதில் தோற்றால் ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியும் 52 வாரங்களுக்குத்தான் செல்லும். அடுத்த ஆண்டு அதே வாரம் வரும்போது அது உதிர்ந்துவிடும், அதை ஈடுகட்ட நான் மறுபடியும் எங்காவது ஆடிக்கொண்டிருக்க வேண்டும். மணிக்கட்டில் காயம்பட்டு ஏழு மாதம் வீட்டில் இருந்தபோது, ஒவ்வொரு திங்கட்கிழமையும் தரவரிசைப் பட்டியலைத் திறந்து, பத்துப் பதினைந்து இடங்களாக நான் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஏழு மாதமும் வருமானம் இல்லை, காப்பீடு இல்லை. குணமாகித் திரும்பினேனா என்று கேட்டு யாரும் ஒரு வரி எழுதவும் இல்லை.

கடந்த பருவத்தில் ஒரு வாரத்தை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஊரின் பெயர் வேண்டாம், நான் ஆடிய பெரும்பாலான ஊர்களின் பெயரை அங்கே பொருத்திக்கொள்ளலாம். அது ஒரு டபிள்யூ 35. தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டங்களை ஜெயித்துப் பிரதான சுற்றுக்கு வந்திருந்தேன். போட்டியின் அதிகாரப்பூர்வ விடுதியில் வாடகை அதிகம் என்பதால், என்னைப் போலவே தனியாக வந்திருந்த இன்னொரு வீராங்கனையோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டேன். திங்கட்கிழமை மாலை மறுநாள் ஆட்டங்களின் பட்டியல் வெளியானது. காலை பத்து மணிக்கு, மூன்றாம் மைதானத்தில், நாங்கள் இருவரும்தான் எதிரெதிரே ஆட வேண்டும்.

நான் எங்கே போனாலும் கையடக்கமான ஒரு ஸ்டிரிங் இயந்திரத்தைப் பெட்டியில் எடுத்துச் செல்வேன். போட்டி நடக்கும் இடத்தில் ஸ்டிரிங் போட்டால் ஒரு ராக்கெட்டுக்கு ஆகும் கூலி, கீழ்த்தட்டுப் பரிசோடு ஒப்பிட்டால் அநியாயமாகத் தோன்றும். அன்று இரவு அறை மேசையில் இயந்திரத்தை இறுக்கிப் பொருத்தி என் ராக்கெட்டுகள் இரண்டையும் முடித்தேன். அறைத் தோழி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய ராக்கெட்டிலும் ஒரு இழை அறுந்திருந்தது. சங்கடத்தோடுதான் கேட்டார். எவ்வளவு இழுவை வேண்டும் என்றேன். 23 கிலோ என்றார். நெடுக்கிழைகள் முதலில், பிறகு குறுக்கிழைகள், ஒவ்வொன்றையும் விரல்நுனியால் நேராக்கி நேராக்கி, முக்கால் மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தேன். பணம் வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அந்த ராக்கெட்டால்தான் அவர் என்னை 6-4, 3-6, 7-5 என்று தோற்கடித்தார்.

பந்து பொறுக்கிக் கொடுக்க ஆளில்லை, இரண்டே முக்கால் மணி நேரமும் பந்துகளை நாங்களே பொறுக்கினோம். பார்க்க வந்தவர்கள் நான்கு பேர்: அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள், வேலிக்கு அப்பால் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த பணியாள், மூலையில் கைப்பேசியைச் சட்டைப் பையிலேயே வைத்துத் தடவிக்கொண்டிருந்த ஒரு மனிதர். வரி போக என் கையில் வந்தது 200 டாலரைச் சற்றே தாண்டியது. அந்த வாரத்துக்கான என் விமானச் செலவில் அது பாதிகூட இல்லை.

ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நால்வர் என்று எழுதினேன். அது முழு உண்மை அல்ல. நடுவரின் கையில் ஒரு சிறிய கருவி இருந்தது. ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் அவர் அதில் விரலை வைத்தார். விரல் பட்ட மறுநொடி அந்தப் புள்ளி பந்தய நிறுவனங்களின் திரைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு சர்வையும் தவறவிட்டு நான் டபுள் ஃபால்ட் செய்ததை என் அம்மா அறிவதற்கு முன்பே, என் மீது பணம் கட்டியிருந்த யாரோ ஒருவர் அறிந்துவிட்டார். அன்று மாலை எனக்கு வந்த செய்திகளைப் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். என் உடலைப் பற்றி, என் குடும்பத்தைப் பற்றி, நான் சாக வேண்டிய விதத்தைப் பற்றி, முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த தோழியும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்தார். ஜெயித்தவருக்கு என்ன வந்திருக்கப் போகிறது என்று நினைத்தேன். அவருக்கும் வந்திருந்தது, இரண்டாவது செட்டைத் தோற்றதற்காக!

இதெல்லாம் உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. டபிள்யூடிஏவும் ஐடிஎஃபும் சேர்ந்து 2024ஆம் ஆண்டைப் பற்றி வெளியிட்ட அறிக்கையே, 458 வீராங்கனைகளையும் வீரர்களையும் குறிவைத்துச் சுமார் 8,000 வசைப் பதிவுகள் வந்தன என்றும், அவற்றில் 40 சதவீதம் பந்தயத்தில் பணம் இழந்து கோபம் கொண்டவர்களுடையவை என்றும் சொல்கிறது. கீழ்த்தட்டுப் போட்டிகளில் நடுவரின் கருவி அனுப்பும் நேரடிப் புள்ளி விவரம் 2012 முதல் விற்பனைச் சரக்காக இருந்துவருகிறது. டென்னிஸின் நேர்மையை ஆராய நியமிக்கப்பட்ட சுயேச்சையான குழு 2018இல் தந்த அறிக்கை, கீழ்த்தட்டில் முறைகேடு பெருகியதற்கு அந்த விற்பனையை ஒரு முக்கியக் காரணமாகச் சுட்டியதோடு, 15,000 டாலர் நிலைப் போட்டிகளின் விவரத்தை விற்பதை நிறுத்துமாறும் பரிந்துரைத்தது. அந்தக் குழு 3,200க்கு மேற்பட்ட வீரர் வீராங்கனைகளிடம் கருத்துக் கேட்டபோது, மேட்ச் ஃபிக்ஸிங் பற்றித் தங்களுக்கு நேரடியாகவே தெரியும் என்று 14.5 சதவீதம் பேர் சொன்னார்கள். அந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது அது குறைவு என்றுதான் எனக்குத் தோன்றியது.

என்னையும் கேட்டிருக்கிறார்கள். ஒரு நள்ளிரவில் வந்த செய்தி. மறுநாள் ஆட்டத்தில் முதல் செட்டை ஜெயித்துக்கொள்ளலாம், இரண்டாவதை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும் என்றது. தருவதாகச் சொன்ன தொகை அந்த வாரத்துச் சாம்பியனுக்குக் கிடைக்கவிருந்த பரிசைவிட அதிகம். விதிப்படி நான் உடனே புகார் செய்தேன், கட்டாயமாக்கப்பட்ட நேர்மைப் பயிற்சி வகுப்பையும் ஒழுங்காக முடித்திருக்கிறேன். புகார் செய்யாமல் விட்டால்கூட தண்டனை உண்டு, ஆட்டத்தை விற்றால் ஆயுள் தடை வரை போகும், அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, விலை போவது எனக்குத் தடை, என் ஆட்டத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் விலை போடுவது மற்றவர்களுக்கு வியாபாரம் என்ற எண்ணத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்த வியாபாரத்தில் எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு எங்கள் பரிசுக்குத் திரும்பி வந்தது என்று இதுவரை ஒரு தாளில்கூட எங்களுக்கு யாரும் எழுதிக் காட்டியதில்லை.

இனிச் செலவுக் கணக்கு. ஐடிஎஃப் தானே செய்வித்த ஆய்வு ஒன்று, 2013ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு, தொழில்முறையில் ஆடும் ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 40,180 டாலர் செலவாகிறது என்று கணக்கிட்டது, ஆணுக்கு 38,800. இதில் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் சம்பளம் சேரவில்லை. வரவும் செலவும் சமமாக நிற்க வேண்டுமானால் ஆண்கள் தரவரிசையில் 336க்குள்ளும், பெண்கள் 253க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. நான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடித் தொட்ட இடம் 329. அதே இடத்தில் ஒரு ஆண் இருந்திருந்தால், அந்தக் கணக்குப்படி, கையைக் கடிக்காமல் ஆண்டை முடித்திருப்பார். எனக்கு அது இழப்புக் கணக்கு. அதுவும் பயிற்சியாளர் இல்லாமல். நான் பயிற்சியாளரோடு பயணம் செய்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. என் சர்வில் பந்தைத் தூக்கிப் போடும் கை எங்கே தவறுகிறது என்று தெரிந்துகொள்ள, வேலியில் கைப்பேசியைச் சொருகிப் படம் எடுத்து, இரவில் நானே பார்த்துக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு 27 வாரம் ஆடினேன். ஒற்றையரும் இரட்டையரும் சேர்த்து நான் ஈட்டிய பரிசு 8,000 டாலருக்கும் குறைவு. மீதியை எப்படி ஈடுகட்டினேன் என்றால், கோடையில் ஐரோப்பிய கிளப் லீக்கில் ஒரு அணிக்காக ஆடினேன். அங்கே ஒரு வார இறுதிக்குத் தருவதை உங்கள் சுற்றில் சம்பாதிக்க எனக்கு ஒரு மாதம் ஆகும். மற்ற நாட்களில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தேன், வசதியுள்ளவர்களோடு பந்து அடித்துக் கொடுத்தேன். அந்த நேரமெல்லாம் என் பயிற்சியிலிருந்து திருடிய நேரம்தான். விம்பிள்டனில் 2025ஆம் ஆண்டு தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு 15,500 பவுண்டும், பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 66,000 பவுண்டும் கிடைத்தன. அவர்களுக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் ஏணியில் என்னோடு ஏறியவர்கள்தான். ஏறக்குறைய 230ஆம் இடத்துக்கும் 330ஆம் இடத்துக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது. அதன் அந்தப் பக்கத்தில் ஒரு நாள் தோல்வி ஓராண்டுச் செலவில் பாதியையாவது தாங்குகிறது, இந்தப் பக்கத்தில் ஓராண்டு வெற்றிகள் மூன்று மாதத்தைத் தாங்குவதில்லை. அவ்வளவுதான் நான் சொல்வது.

திறமை இருந்தால் மதிலைத் தாண்டட்டும் என்பீர்கள். நியாயமான பேச்சு, நானும் பல ஆண்டுகள் அதை நம்பினேன். 2021இல் எம்மா ராடுகானு 150ஆம் இடத்திலிருந்து தகுதிச் சுற்று ஆடி, ஒரு செட்டைக்கூட இழக்காமல் அமெரிக்க ஓபனை வென்றதை எங்களுக்கு ஓயாமல் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அதைவிட எனக்கு நெருக்கமானது 2025இன் பிரெஞ்சு ஓபன். லோயிஸ் புவாஸோன் அப்போது 361ஆம் இடத்தில் இருந்தார். முழங்கால் தசைநார் கிழிந்து, அதிலிருந்து மீண்டு வந்தவர். தரவரிசை பார்க்காமல் போட்டி நடத்துபவர்கள் தரும் அனுமதியான வைல்டு கார்டில் நுழைந்து, உலகின் மூன்றாம் இடத்தில் இருந்த பெகுலாவையும் ஆறாம் இடத்தில் இருந்த ஆண்ட்ரீவாவையும் வீழ்த்தி அரையிறுதிக்குப் போனார். அந்த அரையிறுதியை நான் ஒரு விமான நிலையத் தரையில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தேன், அழுதேன். பெருமையாலா பொறாமையாலா என்று கேட்டால் இரண்டும்தான். 361க்கும் முதல் பத்துக்கும் இடையே ஆட்டத்தில் உள்ள தூரம், பணத்தில் உள்ள தூரத்தைப் போல ஒரு கண்டத்தளவு இல்லை என்பதை அவர் காட்டினார். ஆனால் அவர் நுழைந்த வாசலைப் பாருங்கள். கிராண்ட்ஸ்லாம் நடத்தும் நாட்டவர் என்பதால் அந்த வைல்டு கார்டு அவரை அடைந்தது. பிரான்சும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் தங்களுக்குள் அவற்றைப் பரிமாறிக்கொள்கின்றன. உலகின் மற்ற நாடுகளில் பிறந்து 361ஆம் இடத்தில் இருக்கும் பெண்ணுக்கு முழங்கால் கிழிந்தால், கதை பெரும்பாலும் அங்கேயே முடிகிறது.

பாதை என்ற சொல்லை நீங்கள் விரும்புவதால் 2019ஐயும் நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டின் தொடக்கத்தில், 15,000 டாலர் போட்டிகளில் வழங்கிவந்த டபிள்யூடிஏ புள்ளிகளை நிறுத்திவிட்டுத் தனியாக ஒரு தரவரிசை ஏற்படுத்தினீர்கள், தகுதிச் சுற்றுகளையும் சுருக்கினீர்கள். ஆடுபவர்களின் எண்ணிக்கை அதிகம், அதைக் குறைத்தால் மீதி இருப்பவர்கள் பிழைப்பார்கள் என்பது வாதம். எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்ட் மாதமே புள்ளிகளைத் திருப்பித் தந்தீர்கள். திருத்திக்கொண்டதற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் என்னோடு பயிற்சி செய்துவந்த இருவர் அந்த ஆகஸ்டுக்கு முன்பே ராக்கெட்டை மூட்டை கட்டிவிட்டார்கள்; திருத்தம் அவர்களைத் திரும்பக் கொண்டுவரவில்லை. அந்த முடிவை எடுத்த அறையில் 300க்குக் கீழே தரவரிசை உள்ள ஒரு பெண் வாக்குரிமையோடு அமர்ந்திருந்தால், முதல் நாளே அது தள்ளுபடியாகியிருக்கும்.

பெண் என்பதால் வரும் செலவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நள்ளிரவில் வந்திறங்கும் விமானம் மலிவு. ஆனால் தெரியாத ஊரில் அந்த நேரத்தில் தனியாக வெளியே வர நான் அஞ்சுவதால், பகல் விமானத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிறேன். ஆய்வில் வந்த 40,180க்கும் 38,800க்கும் உள்ள வித்தியாசத்தில் இத்தகைய அச்சங்களும் ஒளிந்திருக்கும் என்பது என் ஊகம். பேறுகால உதவி நிதித் திட்டம் ஒன்று 2025இல் தொடங்கப்பட்டது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அதற்கான தகுதி மேல்மட்டப் போட்டிகளில் எத்தனை ஆடினோம் என்பதைப் பொறுத்தது என்பதால், என் தட்டில் உள்ளவர்கள் அதைத் தொலைவிலிருந்து வாழ்த்த மட்டுமே முடிகிறது. எனக்கு 28 வயது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத நான் விரும்பவில்லை.

பணம் இல்லை என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் எங்கே கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறீர்களோ அங்கே அது கிடைக்கிறது. ஆடவர் பக்கத்தில் அவர்களுடைய தொழில்முறைச் சுற்றை நடத்தும் ஏடிபி 2024ஆம் ஆண்டுக்கு, முதல் 100 இடத்தவருக்கு 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000 என்று குறைந்தபட்ச ஆண்டு வருமானத்துக்கு உத்தரவாதம் தந்தது. மகளிரில் ஆடவரோடு இணைந்து நடக்கும் 1000, 500 நிலைப் போட்டிகளில் 2027இலும், தனித்து நடப்பவற்றில் 2033இலும் சமப் பரிசை எட்டுவதாக டபிள்யூடிஏ அறிவித்திருக்கிறது. 1970இல் ஒன்பது பெண்கள் தலைக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தொடங்கிய போராட்டம் அது, அதில் வென்றவர்களுக்கு என் வணக்கம். ஆனால் இந்த அறிவிப்புகள் எதிலும் என் தட்டு இடம்பெறவில்லை. சமத்துவத்துக்கான உங்கள் கால அட்டவணை 500ஆம் நிலைப் போட்டியோடு நின்றுவிடுகிறது, எனக்குக் கீழே இன்னும் எத்தனையோ நூறு பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை.

டபிள்யூ 15, டபிள்யூ 35 போட்டிகளின் பரிசுத் தொகையை அடுத்த பருவத்திலேயே உயர்த்துங்கள். அதன்பின் ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப அது தானாக உயரும்படி விதியாக எழுதிவையுங்கள். உயர்த்தும் தொகையைச் சாம்பியனின் காசோலையில் சேர்க்காமல் முதல் இரண்டு சுற்றுகளுக்கும் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்துக்கும் கொடுங்கள். தொகையை ஒரேயடியாக உயர்த்த முடியாது என்றால், சில போட்டிகளுக்கு இப்போதே உள்ளதைப் போல, பிரதான சுற்றில் ஆடும் ஒவ்வொருவருக்கும் தங்குமிடம் தருவதை எல்லாப் போட்டிகளுக்கும் கட்டாயமாக்குங்கள். அதுவரை, அதிகாரப்பூர்வ விடுதி வீராங்கனைகளிடம் வாங்கும் வாடகைக்கு ஓர் உச்சவரம்பாவது வையுங்கள். பொதுமக்களுக்குக் கிடைக்கும் வாடகையைவிட எங்களிடம் அதிகம் வாங்கும் விடுதியில் நான் தங்கியிருக்கிறேன், ரசீதுகள் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன்.

எங்கள் ஆட்டங்களின் நேரடிப் புள்ளி விவரத்தை விற்று வரும் வருமானம் எவ்வளவு என்பதையும், அது எந்தத் தட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதையும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அதில் ஒரு நிலையான பங்கு, எந்த ஆட்டங்களால் வந்ததோ அந்த ஆட்டங்களை ஆடியவர்களுக்கே பரிசாகத் திரும்ப வேண்டும். அது இயலாது என்றால் 2018இன் பரிந்துரையை அடித்தட்டு முழுவதற்கும் விரித்து, விற்பதை நிறுத்துங்கள். விவரத்தை வாங்கும் பந்தய நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தங்களில், வீராங்கனைகளுக்கு வசையும் மிரட்டலும் அனுப்புபவரின் கணக்கை முடக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேருங்கள். யார் எவ்வளவு கட்டினார் என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

காயத்துக்கான அடிப்படைக் காப்பீடு, தரவரிசையில் இடம்பெற்றுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் பதிவுக் கட்டணத்தோடு சேர்ந்தே கிடைக்க வேண்டும். பேறுகால நிதியின் தகுதி விதியில் ஐடிஎஃப் சுற்றில் ஆடிய வாரங்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். உதவித் தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

பரிசும் புள்ளியும் அட்டவணையும் தீர்மானிக்கப்படும் குழுக்களில், 250க்குக் கீழே உள்ளவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்பும் இரண்டு பேருக்கு வாக்குரிமை தாருங்கள். கருத்துக் கேட்பதற்கென்று ஒரு நாற்காலி போட்டு உட்காரவைப்பதை நான் கேட்கவில்லை.

இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்றும், இல்லை என்றால் ஏன் என்றும், அடுத்த பருவத்தின் அட்டவணையை வெளியிடுவதற்கு முன் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள். இரண்டு வரிக்கு மேல் எழுதுங்கள். நுழைவுப் பெயர்களை ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே நாங்கள் கொடுக்க வேண்டும், விமானச் சீட்டு அதற்கும் முன்பே வாங்கியாக வேண்டும். எனவே உங்கள் பதில் தாமதமாக வந்தால், பருவத்தின் முதல் மாதத்தை நான் மறுபடியும் பழைய தொகைக்கே ஆட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒற்றையர் தரவரிசையில் 538ஆம் இடத்தில் உள்ள வீராங்கனை